சீவரத்தினத்தின் டொப் லிங்

அன்று எங்கள் வீட்டு வளவுக்குள் நின்றவர்கள் இவர்கள்: முத்துக்குமாரு பரமலிங்கமாகிய நான், என் தங்கை குணலட்சுமி, அவளுடைய கணவர் சீவரத்தினம், காங்கேசன்துறைப் பக்கத்தில் படகு இயந்திரம் திருத்துகிற கனிசியஸ். ஐந்தாவது ஆள் பஞ்சலிங்கம். அவர் வளவுக்குள் நிற்கவில்லை. மேற்கு வேலிக்கு அப்பால் தன் காணிக்குள் நின்றார். ஆனாலும் தொடக்கம் முதல் அவருடைய கண் எங்கள் பக்கம்தான் இருந்தது என்பதால் அவரையும் சேர்க்கிறேன். பின்னாளில் தாங்களும் நின்றதாகச் சொல்லிக்கொண்டு பலர் புறப்பட்டார்கள். அவர்களில் ஒருவரும் நிற்கவில்லை.

எங்கள் குடும்பத்தில் பிறத்தியாரைக் கொண்டு நிலம் உழுவிக்கும் வழக்கம் இருந்ததில்லை. மாடு பூட்டிய காலத்திலும் இல்லை, சீவரத்தினம் அந்தச் சின்ன யப்பான் உழவு இயந்திரத்தை வாங்கிய பிறகும் இல்லை. இதற்குப் பெருமை மட்டும் காரணமல்ல. மானிப்பாய்க்கு மேற்கே எங்களுக்கு உள்ள காணி பார்வைக்கு நல்ல காணி. மண்ணுக்குக் கீழே ஒரு சாணில் கல். எல்லா இடத்திலும் அல்ல. வடக்கு மூலையில் உண்டு, நடுவில் இல்லை, பனையடியில் திரும்பவும் உண்டு. எந்த இடத்தில் கல் ஏறுகிறது, எந்த இடத்தில் இறங்குகிறது என்பது சீவரத்தினத்துக்கு ஆசனத்தில் இருந்தபடியே தெரியும்.

தெரிந்தால் மட்டும் போதாது. உழவு இயந்திரம் கலப்பையை மூன்று இடத்தில் பிடித்திருக்கும். கீழே இரண்டு கைகள். மேலே, நடுவில், ஒரு திருகுத் தண்டு. அதைத்தான் டொப் லிங் என்பார்கள். அந்தத் தண்டைத் திருகிச் சுருக்கினால் கலப்பையின் மூக்கு நிலத்தைக் குத்தும். நீட்டினால் மூக்கு நிமிரும். கல் வருகிற இடத்தில் மூக்கை நிமிர்த்திவிட்டால் கலப்பை கல்லைத் தடவிக்கொண்டு மேல் மண்ணை மட்டும் புரட்டிப் போகும். கலப்பையை முழுதாகத் தூக்கிவிட்டுப் போகிற ஆட்களும் உண்டு. அவர்கள் போன இடத்தில் பிறகு கோரைதான் முளைக்கும். ஆகவே எங்கள் காணியை உழுகிறவர் ஒவ்வொரு சுற்றிலும் பல தரம் இறங்கி, பின்னால் போய், தண்டைத் திருகிவிட்டுத் திரும்பவும் ஏற வேண்டும். சீவரத்தினம் அலுக்காமல் ஏறி இறங்கினார்.

எண்பத்தேழாம் ஆண்டு ஒரு ஷெல் துண்டு அவருடைய வலது முழங்காலுக்குள் புகுந்தது. பெரியாஸ்பத்திரியில் காலைக் காப்பாற்றித் தந்தார்கள். மடக்கத்தான் முடியாமல் போயிற்று. நீட்டிய கால் நீட்டியபடியே நிற்கும். இருந்து ஓட்டுவதற்கு அது தடையில்லை. ஏறுவதும் இறங்குவதும்தான் பாடு. காயம் ஆறியதும் ஒருநாள், யாருக்கும் சொல்லாமல், எப்படியோ ஏறி ஓட்டிக்கொண்டு காணிக்குப் போய்விட்டார். கல் வந்த இடத்தில் இறங்கினார், தண்டைத் திருகினார், திரும்ப ஏற முடியவில்லை. கூப்பிட்டிருந்தால் அயலில் யாராவது வந்திருப்பார்கள். அவர் கூப்பிடவில்லை. சில்லுக்கு மேலே இருக்கிற மட்காட்டைப் பிடித்தபடி வெயிலுக்குள் நின்றிருக்கிறார். தேத்தண்ணி கொண்டுபோன குணலட்சுமிதான் கண்டாள். அதற்குப் பிறகு அவர் காணிப் பக்கம் போகவில்லை. வெள்ளிக்கிழமைகளில் கொட்டிலுக்குள் போய் இயந்திரத்தை ஸ்டார்ட் பண்ணிச் சத்தம் கேட்பார். பிறகு நிற்பாட்டிவிட்டு வருவார்.

இரண்டு போகம் வேறு ஆள் உழுதது. அதைப் பற்றி நான் எழுத விரும்பவில்லை. காணி முழுவதும் கல் எழும்பிக் கிடந்தது என்று மட்டும் சொல்கிறேன்.

எண்பத்தொன்பதாம் ஆண்டு ஆடி முடிவில் பஞ்சலிங்கம் ஆள் விட்டுக் கேட்டார்: அந்த இயந்திரத்தைக் கொடுப்பார்களா என்று. நேரே கேட்க அவருக்கும் எங்களுக்கும் பேச்சுவார்த்தை இல்லை. மேற்கு வேலியில் பட்டுப்போன கதியால்களைப் பிடுங்கிப் புதுத் தடிகள் நட்டபோது எங்கள் பக்கம் ஒரு முழம் தள்ளிப் போட்டார் என்பது எங்கள் கட்சி. முன்பு போட்ட இடத்திலேயே போட்டதாக அவர் கட்சி. பிரச்சினை வழக்காகிக் கோடு வரைக்கும் போய் வந்தது. அன்றிலிருந்து அவர் எங்களுக்குச் சொல்ல வேண்டியதைத் தன் வளவு முருங்கை மரத்துக்குச் சொல்வார். எங்களுக்குக் கேட்கும்.

"குடுத்திடுவம், அத்தான்," என்று சீவரத்தினம் என்னிடம் சொன்னார். "சும்மா நிண்டு கறள் பிடிக்கிற சாமான். ஆவணி உழவுக்கு முதல் கொண்டு போகட்டும்."

குணலட்சுமி அடுப்படிக்குள் போனவள் வெகுநேரம் வெளியே வரவில்லை.

எங்கள் வீட்டு மாப்பிள்ளையின் இயந்திரம் பஞ்சலிங்கத்தின் வளவுக்குள் நிற்பதைப் பார்த்துக்கொண்டு நான் கோயிலுக்குப் போய் வர முடியாது. அடுத்த நாளே காங்கேசன்துறைக்கு பஸ் எடுத்தேன். கனிசியஸ் முன்பொருமுறை இயந்திரத்தின் பம்பைத் திருத்தித் தந்தவர். வாயாடி. ஆனால் கை சுத்தம். விசயத்தைச் சொன்னேன்.

"உந்தத் தண்டை ஆள் இறங்கித்தான் திருக வேணுமெண்டு எந்தச் சட்டத்திலை கிடக்கு, ஐயா?" என்றார். "படகிலை சுக்கான் திருப்ப நாங்கள் என்ன, தண்ணிக்குள்ளை இறங்கியே திருப்புறம்? தண்டைக் கழட்டி எறிஞ்சிட்டு ஒயில் தள்ளுற ஐட்ரோலிக் சிலிண்டர் ஒண்டைப் போடுவம். லீவரைத் தட்ட நீளும், இழுக்கச் சுருங்கும். மனிசன் இருந்த இடத்தை விட்டு அசையத் தேவையில்லை."

"சிலிண்டருக்கு எங்கை போறது?"

அவர் ஒரு மூலையைக் காட்டினார். கடலுக்குள் பாறைப் பாரில் ஏறி உடைந்த ஒரு பெரிய படகின் சுக்கான் திருப்பும் சிலிண்டர் அங்கே கிடந்தது. படகு அவருடைய மனைவி யசிந்தாவின் தமையனுடையது.

"பழைய படகுச் சாமானோ எங்கடை மிசினுக்கு?" என்றேன்.

"கடலிலை ஓடின சாமான், ஐயா. தரைக்கு வாறது அதுக்குப் பென்சன்."

நான் எழுதி அனுப்பிய பழைய தண்டின் அளவுக்கு, இரண்டு முனையிலும் இரும்பு ஊசி செருகிப் பூட்டக் கண் வைத்து ஒட்டி, ஆவணியில் ஒரு காலைப்பொழுது கனிசியஸ் வந்து சேர்ந்தார். சைக்கிள் கரியரில் சிலிண்டரைப் பழைய சாரத்தால் சுற்றிக் கட்டியிருந்தார்.

"மல்லாகத்துச் சென்றியிலை இந்தியன் ஆமிக்காரர் மறிச்சவங்கள்," என்றார், வியர்வையைத் துடைத்துக்கொண்டு. "இரும்புக் குழாயைச் சாரத்தாலை சுத்திக்கொண்டு போறவனை விடுவாங்களே? தண்ணிப் பம்பி, தண்ணிப் பம்பி எண்டு கையாலை அடிச்சுக் காட்டி ஒரு மாதிரி வந்திட்டன். அக்கா, தேத்தண்ணி போடுங்கோ. எனக்கு உயிர் இன்னும் மல்லாகத்திலைதான் நிக்குது."

சீவரத்தினம் கொட்டிலடியில் கதிரையில் இருந்தார். நீட்டிய காலுக்கு முன்னால் ஒரு பலகைக் கட்டை. வேலையைத் தொடாமல் இருக்கிறேன் என்று சொன்னார். சொல்லி முடிப்பதற்குள் ஸ்பானரைக் கையில் எடுத்துவிட்டார்.

பழைய தண்டு கழன்றது. சிலிண்டரின் ஒரு கண்ணை இயந்திரத்தின் முதுகில் பூட்டினார்கள். ஊசி லூசாக ஆடியது. கனிசியஸ் பித்தளைப் புஷ் வளையம் ஒன்றை அராவிப் போட்டார். மற்றக் கண்ணைக் கலப்பையில் பூட்டினார்கள். பின்னால் இழுக்கிற பெட்டியைக் கவிழ்ப்பதற்கு இயந்திரத்தில் ஒயில் எடுக்கிற வாயிலிருந்து இரண்டு ரப்பர்க் குழாய்களை இழுத்து, நடுவில் லீவர் வைத்த ஒரு வால்வைப் பூட்டி, அதை ஆசனத்துக்கு வலப்பக்கம் மட்காட்டில் இறுக்கினார்கள்.

வேலிக்கு அப்பால் முருங்கை மரத்துக்கு ஒரு கேள்வி போயிற்று.

"உதென்ன, மிசினுக்குச் சேலைன் ஏத்துகினமோ?"

கனிசியஸ் சிரித்துவிட்டார். நான் சிரிக்கவில்லை.

முதல் தரம் லீவரைத் தட்டியபோது நீள வேண்டியது சுருங்கியது. குழாய் இரண்டும் மாறிப் பூட்டுப்பட்டிருந்தன. மாற்றிப் பூட்டினார்கள். அடுத்த தரம் சிலிண்டர் இருமியது. காற்றை வெளியேற்றினார்கள். அதற்கடுத்த தரம் பளபளவென்ற தண்டு மெதுவாக, ஒரு சத்தமும் இல்லாமல், வெளியே வந்தது. கலப்பையின் மூக்கு நிமிர்ந்தது. சீவரத்தினம் கதிரையை விட்டு எழும்பி, தடியில்லாமல், வந்து பார்த்தார்.

"இஞ்சரும்," என்று மனைவியைக் கூப்பிட்டார். "வந்து பாரும். தன்ரை பாட்டிலை எழும்புது."

குணலட்சுமி வெறும் கையோடு வரவில்லை. தட்டத்தில் திருநீறு, சந்தனம், குங்குமம், அறுகம்புல்லும் பச்சையரிசியும் கலந்த அறுகரிசி எல்லாம் எடுத்து வைத்துக்கொண்டு காத்திருந்திருக்கிறாள். எங்கள் வீட்டில் புதிதாக எது பூட்டினாலும் அப்படித்தான். கிணற்றுக் கப்பி மாற்றினாலும் சந்தனம் வைக்காமல் கயிறு போடுவதில்லை. முகப்புக்கு வைத்தாள். சில்லுகளுக்கு வைத்தாள். பிறகு பின்னால் வந்து, வெளியே நீண்டு நின்ற அந்தப் பளபளப்பான தண்டைப் பார்த்தாள்.

"உதுக்கும் வையும்," என்றார் சீவரத்தினம். "இனி உதுதான் என்ரை கால்."

அவள் திருநீற்றை மூன்று குறியாக இழுத்தாள். நடுவில் சந்தனத்தைத் தாராளமாக அப்பினாள். அதன் மேல் அறுகரிசியைத் தூவிக் கண்ணை மூடி நின்றாள். பார்க்க அழகாகத்தான் இருந்தது. கனிசியஸ் அந்த நேரம் கிணற்றடியில் கை கழுவிக்கொண்டிருந்தார். சீவரத்தினம் லீவரை இழுத்தார்.

தண்டு உள்ளே போயிற்று. திருநீறும் சந்தனமும் அரிசியும் கூடவே போயின.

"ஐயோ, இழுத்துப்போடாதையுங்கோ!" என்று கனிசியஸ் கத்திக்கொண்டு ஓடி வந்தார். இழுத்தாயிற்று. திரும்ப வெளியே விட்டபோது தண்டு வெளிவருகிற வாயால் ஒயில் கோடு கோடாக வழிந்தது. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கலப்பையின் மூக்கு தளர்ந்து தளர்ந்து நிலத்தைத் தொட்டது.

கழற்றினார்கள். உள்ளே ஒயிலை அடைத்து நிற்கிற ரப்பர் சீலின் விளிம்பில் ஒரு பச்சையரிசி மணி. அது நின்ற இடத்திலிருந்து நீளத்துக்கு ஒரு வெட்டு.

கனிசியஸ் அந்த அரிசியைக் கைவிரலில் வைத்துப் பார்த்தார். யாரைத் திட்டுவது என்று அவருக்குத் தெரியவில்லை. "அக்கா," என்றார் கடைசியில், "உப்புத்தண்ணிக்குள்ளை கிடந்தும் உது ஒருநாளும் ஒழுகேல்லை."

"எனக்குத் தெரியாது தம்பி," என்றாள் குணலட்சுமி. தட்டத்தைச் சேலைத் தலைப்பால் மூடினாள்.

"நீர் வைச்சதிலை பிழையில்லை," என்றார் சீவரத்தினம். "நான்தானே வையுமெண்டனான்."

இந்த அளவு சீல் யாழ்ப்பாணத்தில் இல்லை, கொழும்புக்குச் சொல்லி அனுப்ப வேண்டும், வருமென்று நிச்சயமில்லை என்றார் கனிசியஸ். ஆவணி மழைக்கு முன் உழவு முடிய வேண்டும். "தடிச்ச நல்ல தோல் இருந்தால் ஒரு கை பாக்கலாம். முந்தி உப்பிடிச் சாமானுக்குத் தோல் வாஷர்தான் போட்டவை. வீட்டிலை ஏதும் கிடக்கோ?"

எங்கள் வீட்டில் தோல் சாமான் கிடையாது. நாங்கள் அதை வாசலுக்குள் எடுப்பதில்லை. அதைச் சொன்னேன். சொல்லும்போது எனக்கு அது வழக்கமாகத் தருகிற திருப்தியைத் தரவில்லை.

சீவரத்தினம் ஸ்பானரைக் கீழே வைத்தார். பிறகு மேற்கு வேலியைப் பார்த்து, நேரே, ஆளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார்.

"பஞ்சலிங்கண்ணை! நாளைக்கு வந்து மிசினைக் கொண்டு போங்கோ."

வேலிக்கு அப்பால் ஒரு சத்தமும் இல்லை. ஆள் போய்விட்டார் என்றே நினைத்தேன். அப்போது வேலிக்கு மேலால் ஏதோ ஒன்று பறந்து வந்து குணலட்சுமியின் காலடியில் விழுந்தது. பாம்பென்று நினைத்து அவள் பின்வாங்கினாள். அது ஓர் இடுப்பு பெல்ட். அகலமான, தடித்த, மண்ணிறத் தோல் பெல்ட்.

"உது மலாயாத் தோல்," என்றது பஞ்சலிங்கத்தின் குரல். முருங்கைக்குச் சொன்ன குரல் அல்ல. "வெட்டிப் பாருங்கோ."

கனிசியஸ் குனிந்து அதை எடுத்து விரலால் தடிப்புப் பார்த்தார்.

"பூட்டைக் கழட்டித் திருப்பித் தாருங்கோ. அது பித்தளை," என்று பஞ்சலிங்கம் தொடர்ந்தார். "மிசின் எனக்கு வேண்டாம். அந்தக் கல்லுக் காணியிலை சீவரத்தினம் ஓடுறதைப் பாத்துத்தான் எனக்கு மிசினிலை ஆசை வந்தது. ஓடுறதுக்கு அவனில்லாமல் மிசினை வைச்சு நான் என்ன செய்யிறது? முருங்கைக்கு நிழல் பிடிக்கவே?"

இந்த இடத்தில் நான் என்ன செய்ய வேண்டும் என்பது எனக்குத் தெரிந்திருந்தது. எங்கள் வளவுக்குள் ஒரு பொருளைத் தந்தவரை வேலிக்கு வெளியே நிறுத்தி வைப்பது எங்கள் குடும்பத்துக்கு அழகல்ல. ஒரு முழ நிலம் வேறு விசயம். அது இன்றைக்கும் தீரவில்லை.

"படலை திறந்துதான் கிடக்கு," என்றேன். "உள்ளுக்கை வாரும்."

"வாறன். ஒழுங்கையாலை சுத்தித்தான் வர வேணும். வேட்டியை ஒரு கையாலை பிடிச்சுக்கொண்டு வேலி பாயேலாது."

அப்படியேதான் வந்தார். ஒரு கையால் வேட்டியைப் பிடித்தபடி, நிமிர்ந்து, எங்கள் படலையைக் கடந்து. குணலட்சுமி கொடிக்கயிற்றில் ஒரு துண்டை அறுத்துக் கொடுத்தாள். அவர் அதை இடுப்பில் கட்டிக்கொண்டு, தேத்தண்ணியையும் வாங்கிக்கொண்டு, கனிசியஸுக்குப் பக்கத்தில் குந்தினார். குந்தியவர் வாய் சும்மா இருக்கவில்லை.

"வட்டம் சரியில்லை. இன்னும் வெட்டு."

"அண்ணை, பெல்ட் உங்கடை. வெட்டு என்ரை. விடுங்கோ."

"என்ரை தோலெண்டபடியால்தான் சொல்லுறன்."

கனிசியஸ் தோலை வளையங்களாக வெட்டினார். சூடாக்கிய ஒயிலுக்குள் ஊறப்போட்டார். மெதுமையானதும் ஒன்றன் மேல் ஒன்றாக வைத்து அழுத்தி, உள்ளே இறக்கி, மூடியை இறுக்கினார். அதற்கு முன்பே சிலிண்டரை மண்ணெண்ணெயால் மூன்று தரம் கழுவியிருந்தார். ஓர் அரிசி மணி கூட இருக்கக் கூடாது என்று குணலட்சுமியே பக்கத்தில் நின்று பார்த்தாள்.

சீவரத்தினம் லீவரைத் தட்டினார். தண்டு வெளியே வந்தது. வாயில் ஒயில் மினுங்கியது; வழியவில்லை. இழுத்தார். உள்ளே போயிற்று. கலப்பையின் மூக்கை நிமிர்த்தி வைத்துவிட்டுச் சாப்பிடப் போனோம். சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தோம். நிமிர்ந்தபடியே நின்றது.

"கொஞ்சம் கசியும்," என்றார் கனிசியஸ். "கசிஞ்சால் துடைச்சு விடுங்கோ. மனிசருக்கும்தான் வேர்க்குது."

குணலட்சுமி தட்டத்தோடு திரும்பவும் வந்தாள். கனிசியஸ் பாய்ந்து இரண்டு கையாலும் தண்டை மூடிக்கொண்டார்.

"உதுக்கு வேண்டாம், அக்கா! கும்பிட்டுக் கேக்கிறன். எனக்கு வையுங்கோ, அண்ணைக்கு வையுங்கோ, உதுக்கு மட்டும் வேண்டாம்."

அவள் சிரித்தாள். இரண்டு வருடத்தில் நான் அவள் சிரித்துக் காணவில்லை. கனிசியஸுக்கும் வைத்தாள், அவர் சேர்ச்சுக்குப் போகிற வேதக்காரர், ஆனாலும் நெற்றியைக் காட்டினார். பஞ்சலிங்கத்துக்கும் வைத்தாள். மிச்சமிருந்த சந்தனத்தைக் குனிந்து புருசனுடைய முழங்காலில் தொட்டு வைத்தாள். நான் மேற்கு வேலியின் கதியால்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அடுத்த நாள் காலை சீவரத்தினம் காணிக்குள் இறக்கினார். கிழக்கே பார்த்து முதல் சால். வடக்கு மூலையில் கல் ஏறுகிற இடம் வந்தது. அவருடைய வலது கை லீவருக்குப் போனதைக் கண்டேன். கலப்பையின் மூக்கு நிமிர்ந்து, கல்லைத் தடவி, மேல் மண்ணை மட்டும் புரட்டிக்கொண்டு போயிற்று. நடுவில் குத்தியது. பனையடியில் திரும்பவும் நிமிர்ந்தது. அவர் திரும்பிப் பார்க்கவே இல்லை, சத்தத்திலேயே தெரியும். பஞ்சலிங்கம் வரம்பில் கொடிக்கயிறு கட்டிய வேட்டியோடு நின்று, "உந்தச் சுருக்கு காணாது, இன்னும் குத்து!" என்று கத்தினார். அது சீவரத்தினத்துக்குக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் குத்தியிருக்க மாட்டார்.

குணலட்சுமி தேத்தண்ணி கொண்டு போனாள். அவர் இறங்கவில்லை. ஆசனத்தில் இருந்தபடியே குனிந்து வாங்கிக் குடித்துவிட்டு மூக்குப்பேணியைத் திருப்பிக் கொடுத்தார். அவள் அங்கேயே நின்று அவர் அடுத்த சுற்று முடிக்கும் வரை பார்த்தாள். காணி முழுவதும் உழுது முடிந்தபோது ஒரு கல் எழும்பிக் கிடக்கவில்லை. அதன் பிறகு பஞ்சலிங்கத்தின் காணியையும் அவரே உழுதார். பிறகு அயலில் கல்லுக் காணி வைத்திருந்தவர்கள் எல்லாரும் வந்து கேட்கத் தொடங்கினார்கள்.

இப்போது சங்கக்கடையடியில் ஒரு கதை உலாவுவதாக அறிகிறேன். சீவரத்தினத்தின் காலில் ஒன்றுமே இல்லையாம். வேலைக்குக் கள்ளமடித்துக்கொண்டு வீட்டில் இருந்தவராம். அல்லாவிட்டால் விடியப்புறம் ஏறினவர் பொழுதுபடும் வரை எப்படி ஓட்டுவார் என்று கேட்கிறார்களாம்.

அது பொய். அவருடைய கால் அன்றும் மடங்கவில்லை, இன்றும் மடங்குவதில்லை. அவர் ஏறியபிறகு இறங்க வேண்டியதில்லை, அவ்வளவுதான். காலையில் அவரை ஏற்றுவதற்கும் பின்னேரம் இறக்குவதற்கும் தோள் கொடுப்பவன் நான்.